கத்தி படும் முன்னே ஓர் ஊசி

ஆபரேஷன் முடிந்த மறுநாள், டாக்டர்கள் ரவுண்ட்ஸ் முடித்து அந்தப் பக்கம் போனதும் வார்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். "இன்னா சிஸ்டர், வலி மாத்திரை மட்டும் எழுதிக்கீறாங்க? ஆன்டிபயாட்டிக் ஒண்ணுமே இல்லியே. புண்ணு செப்டிக் ஆயிடாதா?" குடியாத்தம், போளூர், ஆம்பூர், ஆற்காடு என்று எந்த ஊரிலிருந்து வந்தவரானாலும் கேள்வி மாறுவதில்லை. பக்கத்துப் படுக்கைக்காரருக்கு மூன்று வேளையும் ஊசி ஏறிக்கொண்டிருந்தால் கேள்வியில் கொஞ்சம் சூடும் சேர்ந்துகொள்ளும். காப்பீட்டு அட்டையில் வந்ததால் மருந்தைக் குறைத்துவிட்டார்களோ என்று நினைப்பவர்களும் உண்டு.

உண்மையில் அவருக்கும் ஆன்டிபயாட்டிக் போட்டாயிற்று. தியேட்டர் மேசையில் படுக்கவைத்து, எந்த ஊரு, எத்தனை பிள்ளைங்க என்று மயக்க டாக்டர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாரே, அப்போதே கையில் குத்தியிருந்த வென்ஃப்ளான் வழியாக அது ஏறிவிட்டது. பெரும்பாலான ஆபரேஷன்களுக்கு அந்த ஒரு தடவையே போதும். அது ஏன் போதும், ஏன் கத்தி படுவதற்கு முன்பே போட வேண்டும், பிறகு ஏழு நாள் போட்டாலும் ஏன் அதற்கு ஈடாகாது என்பதை, வேலூர்ப் பக்கத்துத் தியேட்டர்களில் நர்ஸாக நின்ற அனுபவத்தோடு இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

புண்ணில் சீழ் கோத்துக்கொண்டால் நம் சந்தேகம் முதலில் ஆஸ்பத்திரி மேல்தான் விழும். தியேட்டர் சுத்தமில்லை, கருவியைச் சரியாக ஸ்டெரிலைஸ் பண்ணவில்லை, பார்க்க வந்த பெரியம்மா கட்டைத் தொட்டுப் பார்த்தார் என்று காரணங்கள் வரிசையாக வரும். அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் அறுவைப் புண்ணைக் கெடுக்கும் கிருமிகளில் பெரும்பங்கு நோயாளியின் சொந்தக் கிருமிகள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, பத்துப் பேரில் இரண்டு மூன்று பேருடைய மூக்குக்குள் எந்தத் தொந்தரவும் கொடுக்காமல் குடியிருக்கிறது. அதன் பங்காளியான ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் எல்லோர் தோலிலும் உண்டு. பெருங்குடலிலோ ஈ.கோலை முதல் ஆக்சிஜனே இல்லாமல் பிழைக்கும் வகைகள்வரை கோடிகோடியாக இருக்கின்றன. இருக்கிற இடத்தில் இருக்கும்வரை அவற்றால் வம்பில்லை. தோலையோ குடலையோ அறுக்கும்போதுதான் அவை போகக்கூடாத இடத்துக்குப் போகின்றன.

அறுக்கப்போகும் இடத்தை ஸ்பிரிட் கலந்த குளோர்ஹெக்சிடினாலோ பழுப்பு நிறப் பொவிடோன் அயோடினாலோ நன்றாகத் துடைக்கிறோம். மேல்தோலில் இருக்கும் கிருமிகள் அதில் செத்துப்போகும். மயிர்க்கால்களின் அடியிலும் சுரப்பிகளுக்குள்ளும் ஒதுங்கியிருப்பவை தப்பிவிடும். கத்தி போய்த் திறப்பது அந்த ஆழத்தைத்தான். கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்து ஒரு கிருமி மிச்சமில்லாமல் ஆக்கிவிடலாம், மனுஷனை அதில் வைக்க முடியுமா?

கொஞ்சம் கிருமி விழுந்தால் உடம்பே சமாளித்துக்கொள்ளும். வெள்ளையணுக்கள் அதற்குத்தான் இருக்கின்றன. ஆனால் புண்ணுக்குள் உடம்புக்கு அந்நியமான பொருள் ஏதாவது கிடந்தால் கணக்கே மாறிப்போகிறது. 1957இல் எலெக், கோனன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தாமாக முன்வந்த மனிதர்களின் தோலிலேயே இதைச் சோதித்தார்கள். வெறும் தோலில் சீழ்க்கட்டி உண்டாக்கப் பல லட்சம் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அதே தோலில் ஒரு பட்டுநூல் தையல் இருந்தபோது சில நூறு கிருமிகளே போதுமாயிருந்தன. ஒரு தையலுக்கே இப்படியென்றால், முழங்காலில் உலோக மூட்டு வைப்பவருக்கும், இதயத்தில் செயற்கை வால்வு வைப்பவருக்கும், எலும்பில் பிளேட் போடுபவருக்கும் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே சில கிருமிகள் ஒட்டிக்கொண்டாலும் பிறகு எந்த மருந்தாலும் முழுக்க விரட்டுவது கடினம். வைத்ததைக் கழற்றி எடுக்க வேண்டிய நிலைகூட வரும்.

முன்னால் போனால்தான் மருந்து

வேலூரில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் 1902இல் 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரியைத் திறந்தபோது, ஆன்டிபயாட்டிக் என்ற ஒன்று உலகில் எங்கும் புழக்கத்தில் இல்லை. வேகவைத்த கருவியும், கார்பாலிக் அமிலமும், தேய்த்துக் கழுவிய கையும்தான் அன்றைய சர்ஜன்களுக்குத் துணை. 1940களில் பெனிசிலின் கைக்கு வந்ததும், இனிச் சீழ் பிடிக்கிற பேச்சே இருக்காது என்று நம்பினார்கள். ஆபரேஷன் முடிந்து ஆளை வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஊசியை ஆரம்பித்து நாள்கணக்கில் போட்டார்கள். 1950களில் வந்த ஆய்வு முடிவுகள் அவர்களை ஏமாற்றின. போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தெரியவில்லை. சீழைத் தடுக்க ஆன்டிபயாட்டிக் உதவாது என்றே பலர் முடிவுகட்டிவிட்டார்கள்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜான் பர்க் என்ற அமெரிக்க சர்ஜன். 1961இல் அவர் வெளியிட்ட சோதனை மிக எளிமையானது. கினிப் பன்றிகளின் தோலுக்குள் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்தினார். சிலவற்றுக்கு அதற்கு முன்பே மருந்து கொடுத்தார், சிலவற்றுக்கு அதே நேரத்தில், மற்றவற்றுக்கு ஒவ்வொரு மணி நேரமாகத் தள்ளித் தள்ளி. முன்பே மருந்து ஏறியிருந்த விலங்குகளின் தோலில், செத்த கிருமியைச் செலுத்தினால் வருகிற அளவுக்குத்தான் வீக்கம் வந்தது. நேரம் போகப் போகப் பலன் குறைந்தது. மூன்று மணி நேரம் கழிந்த பிறகு கொடுத்தபோது, மருந்தே வாங்காத விலங்குக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. ஒரே மருந்து, ஒரே கிருமி, மாறியது நேரம் மட்டும்.

காரணம் புண்ணுக்குள் நடப்பதில் இருக்கிறது. வெட்டுப்பட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுருங்கி அடைபடும், ரத்தம் கசிந்து உறையும். உள்ளே விழுந்த கிருமிகள் அந்த உறைவுக்குள் மாட்டிக்கொண்டு அங்கேயே பெருகத் தொடங்கும். ஊசி மருந்து எங்கே போக வேண்டுமானாலும் ரத்தத்தோடுதான் போக வேண்டும். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டமே குறைந்துவிட்ட பிறகு மருந்து போய்ச் சேருவது கொஞ்சம்தான். வெட்டும் நேரத்திலேயே ரத்தத்தில் மருந்து நிறைந்திருந்தால், கசிந்து உறைகிற ரத்தத்துக்குள்ளேயே அதுவும் இருக்கும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். வைகாசி முதல் நாள் ஊர்வலம் கிளம்புவதற்கு முன்பே தெருமுனைகளில் போலீஸ் போய் நின்றுகொள்ளும். கூட்டம் நெருக்கியடித்த பிறகு எத்தனை வண்டி போலீஸ் அனுப்பினாலும் அவர்களால் உள்ளே நுழையவே முடியாது.

விலங்கில் கண்டது மனிதருக்கும் பொருந்துமா என்ற கேள்விக்கு, 1992இல் வந்த ஓர் ஆய்வு நல்ல பதில் தந்தது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஒரே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்ட 2,847 பேருக்கு, ஆன்டிபயாட்டிக் எப்போது ஏறியது, பிறகு புண்ணில் கிருமி பிடித்ததா என்று பார்த்தார்கள். வெட்டுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களில் 0.6 சதவீதம் பேருக்குத்தான் புண் கெட்டது. அதைவிட முன்கூட்டியே போட்டுக்கொண்டவர்களில் 3.8 சதவீதம். வெட்டிய பிறகு மூன்று மணி நேரத்துக்குள் என்றால் 1.4, அதையும் தாண்டினால் 3.3. ரொம்ப முன்னால் போட்டவர்களும் ரொம்பப் பின்னால் போட்டவர்களும் ஏறக்குறைய ஒரே கதிதான். குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை இது, நடந்ததைக் கவனித்து எழுதியது. ஆனாலும் பர்க் கண்டதோடு ஒத்துப்போகிறது. இதற்குப் பிறகு தியேட்டர் பழக்கங்கள் மாறின.

இன்று பல நாடுகளின் வழிகாட்டுதல்கள், வெட்டுவதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் என்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மருந்தின் தன்மையைப் பொறுத்து 120 நிமிடம்வரை விடுகிறது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் பாதியா பின் பாதியா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. சுவிட்சர்லாந்தில் ஐயாயிரத்துச் சொச்சம் பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வில், சராசரியாக 42 நிமிடம் முன்பு போட்டவர்களுக்கும் 16 நிமிடம் முன்பு போட்டவர்களுக்கும் வித்தியாசம் காணவில்லை.

தியேட்டரில் என்ன நடக்கிறது

இந்தத் தடுப்பு ஊசிக்குப் பெரும்பாலும் எடுக்கும் ஆன்டிபயாட்டிக் செஃபாசோலின். ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் வெள்ளைப் பொடியாக வரும், குப்பிக்கு ஒரு கிராம். பெரியவர்களுக்கு இரண்டு கிராம், ஆகவே இரண்டு குப்பி. ரப்பர் மூடி வழியாக ஊசிக்கான தண்ணீரைச் செலுத்திக் குலுக்கினால், பொடி கரைந்து தெளிந்த, லேசான மஞ்சள் நீராகும். சிரிஞ்சில் இழுத்து, குமிழியைத் தட்டி வெளியேற்றி, மேலே மருந்தின் பெயரை எழுதி மயக்க டாக்டர் கையில் கொடுப்போம். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் மெதுவாக ஏற்றுவார். நேரம் மயக்க மருந்துக் குறிப்பில் ஏறும்: 8.40, செஃபாசோலின், 2 கிராம். கத்தி படுவது 9 மணிக்கு என்றால் தசையிலும் தோலிலும் அதற்குள் போதுமான மருந்து சேர்ந்திருக்கும். 120 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவருக்கு மூன்று கிராம். குழந்தைகளுக்கு எடையைப் பார்த்துக் கணக்கு.

ஊசியை வார்டிலேயே காலை 6 மணிக்குப் போட்டு அனுப்புகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எனக்கு இது ஆகவே ஆகாது. தியேட்டர் லிஸ்ட்டில் மூன்றாவதாக இருப்பவரை 9 மணிக்குக் கூப்பிடுவார்கள் என்று எழுதியிருக்கும். முதல் கேஸ் இழுக்கும், நடுவில் ஓர் அவசர சிசேரியன் நுழையும், அவர் மேசைக்கு வரும்போது மணி 11 ஆகியிருக்கும். செஃபாசோலின் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் பாதியாகக் குறையும். காலை 6 மணிக்குப் போட்டது 11 மணிக்குள் கால்பங்குக்கும் கீழே போயிருக்கும். ஊசி போட்டாயிற்று என்று கேஸ் ஷீட்டில் டிக் இருக்கும், உடம்பில் தேவையான அளவு மருந்து இருக்காது. அதனால்தான் இப்போது இந்த வேலையைத் தியேட்டருக்குள், மயக்க டாக்டர் பொறுப்பில் விடுகிறார்கள். 2008இல் உலக சுகாதார நிறுவனம் கொண்டுவந்த அறுவைசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும், வெட்டுவதற்கு முன் எல்லோரும் கையை நிறுத்திக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளில் ஒன்று, கடந்த 60 நிமிடத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போட்டாயிற்றா என்பது.

அதே கணக்கில்தான், ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் இன்னொரு டோஸ் போடுகிறார்கள். ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் போனாலும் அப்படியே. ரத்தத்தோடு மருந்தும் போய்விடுமே. முழங்கால் ஆபரேஷனில் தொடையில் டூர்னிகெட் கட்டி ரத்தத்தை நிறுத்துவதற்கு முன்பே மருந்து ஏறி முடிந்திருக்க வேண்டும். கட்டிய பிறகு போட்டால் காலைத் தவிர மற்ற இடமெல்லாம் சுற்றிவரும். சிசேரியனில் ஒரு காலத்தில் குழந்தையை எடுத்துத் தொப்புள்கொடியைக் கவ்விய பிறகுதான் ஊசி போட்டார்கள், குழந்தைக்கு மருந்து போகக்கூடாது என்ற பயத்தில். வெட்டுவதற்கு முன்பே போடும்போது தாய்க்குக் கிருமித்தொற்று குறைகிறது, குழந்தைக்குக் கெடுதல் தெரியவில்லை என்று ஆய்வுகள் காட்டியதும் அந்த வழக்கம் மாறியது.

டெஸ்ட் டோஸ் பற்றி ஒரு வார்த்தை. முதல் நாள் சாயங்காலம் முன்கையில் தோலுக்குள் துளி மருந்தைக் குத்தி, சுற்றி பேனாவால் வட்டம் போட்டுவிட்டுப் போவார்களே, அதைத்தான் பலர் "ஆன்டிபயாட்டிக் நேத்தே போட்டுட்டாங்க" என்று சொல்கிறார்கள். அது ஒத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதற்கான துளி. கிருமியைத் தடுக்க அது எந்த வகையிலும் போதாது. அதைவிட முக்கியம், முன்பு எப்போதாவது ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு முட்டியதா, மயங்கி விழுந்தீர்களா என்பதை நீங்களே டாக்டரிடம் சொல்வது. வட்டத்துக்குள் தடிக்கவில்லை என்பதால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். மருந்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பழைய சீட்டு இருந்தால் கொண்டுவாருங்கள்.

எந்த மருந்து, யாருக்கு?

செஃபாசோலின் அரை நூற்றாண்டுப் பழைய மருந்து. விலையும் குறைவு. அதைக் கேள்விப்பட்டதும் "பெரிய ஊசி இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. தோலில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகளுக்கு அது நன்றாகக் கேட்கிறது, பக்கவிளைவு குறைவு, சில மணி நேரம் தாங்குகிறது. இந்த வேலைக்கு வேண்டியது அவ்வளவுதான். செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற பிந்தைய தலைமுறை மருந்துகளை எல்லா ஆபரேஷனுக்கும் வழக்கமாகப் போடும் இடங்கள் நம்மிடம் ஏராளம். ஸ்டஃபைலோகாக்கஸைப் பொறுத்தவரை அவை செஃபாசோலினைவிட மேல் என்று சொல்ல முடியாது, குடல் கிருமிகளுக்கு அந்த மருந்துகளைப் பழக்கிவிடுவதுதான் மிச்சம். பெருங்குடல் ஆபரேஷனுக்கு மட்டும், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிகளுக்காக மெட்ரோனிடசோலைச் சேர்த்துக்கொள்வார்கள். இந்த வகை மருந்தே கடுமையாக ஒத்துக்கொள்ளாதவருக்கு வான்கோமைசின் போன்ற வேறு மருந்து. வான்கோமைசினைச் சட்டென்று ஏற்றக்கூடாது, ஒரு மணி நேரமாவது டிரிப்பில் மெதுவாகப் போக வேண்டும். ஆகவே அதை இரண்டு மணி நேரம் முன்பிருந்தே தொடங்கலாம்.

எல்லா ஆபரேஷனுக்கும் இந்த ஊசி வேண்டும் என்பதும் இல்லை. தோலில் ஒரு கொழுப்புக்கட்டியை எடுப்பது, தைராய்டு போன்ற சுத்தமான இடத்து ஆபரேஷன்கள், வேறு சிக்கல் இல்லாதவருக்குத் துளை போட்டுப் பித்தப்பையை எடுப்பது, இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் தேவைப்படாது. சிசேரியன், கர்ப்பப்பை எடுத்தல், குடல், மூட்டு மாற்று, இதயம் ஆகியவற்றுக்குத் தேவை. கண்புரை ஆபரேஷன் இதில் தனி ரகம். அங்கே ஆபரேஷன் முடியும் தறுவாயில் கண்ணுக்குள்ளேயே ஒரு துளி ஆன்டிபயாட்டிக்கைச் செலுத்துகிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் லட்சக்கணக்கான ஆபரேஷன்களில் இதைப் பார்த்து, கண்ணுக்குள் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைவதாக வெளியிட்டிருக்கிறார்கள். கண்ணின் உட்பகுதிக்கு ரத்தத்திலிருந்து மருந்து எளிதில் போகாது என்பதால் நேராக உள்ளேயே வைக்கிறார்கள்.

இனிப் பக்கத்துப் படுக்கைக்காரர் விஷயம். அவருக்குக் குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ் பரவியபின் ஆபரேஷன் நடந்திருக்கலாம். உங்களுக்கு வெடிப்பதற்கு முன்பே எடுத்திருப்பார்கள். இருவருக்கும் பெயர் அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்தான். உங்களுக்குப் போட்டது கிருமி வராமல் தடுக்கும் ஊசி. அவருக்குப் போடுவது வந்துவிட்ட கிருமிக்கு வைத்தியம், அது சில நாள் ஓடத்தான் வேண்டும். வார்டில் நான் பார்க்கும் மனத்தாங்கல்களில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறது.

ஏழு நாள் மாத்திரை

"ஒண்ணும் ஆவாம இருக்கணும்னா சேஃப்டிக்கு ஒரு கோர்ஸ் போட்டுட்டா இன்னா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், டாக்டர்களிலேயே பலர் அப்படி எழுதித் தருகிறார்கள். சிலருக்குப் பழக்கம், சிலருக்கு நோயாளி சண்டைக்கு வருவாரோ என்ற பயம். ஆனால் தையல் போட்டு மூடிய பிறகு கொடுக்கும் டோஸ்களால் கூடுதல் பலன் இல்லை என்பது பல ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் 2016இல், ஆபரேஷன் முடிந்தபின் தடுப்பு ஆன்டிபயாட்டிக்கை நீட்டிக்க வேண்டாம் என்றே சொன்னது. புண்ணிலிருந்து நீர் வடிய டிரெயின் குழாய் வைத்திருக்கிறது என்பதும் நீட்டிக்கக் காரணமாகாது. இதயம் போன்ற சிலவற்றில் மட்டும் ஒரு நாள்வரை தொடர்வதுண்டு.

பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்துகொண்ட 79 ஆயிரம் பேரின் குறிப்புகளைப் பார்த்து 2019இல் வெளியான ஆய்வில், தடுப்பு ஆன்டிபயாட்டிக்கை நாள்கணக்கில் நீட்டியவர்களுக்குப் புண் கெடுவது குறையவில்லை. சிறுநீரகப் பாதிப்பு கூடியது. ஆன்டிபயாட்டிக் குடலின் நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும்போது தலையெடுக்கும் ஒரு கொடிய வயிற்றுப்போக்கும் கூடியது. இதற்கு மேல், மருந்துக்கு அடங்காத கிருமிகள் நம் குடலிலேயே தேர்ந்தெடுக்கப்பட்டுப் பெருகுகின்றன. அவற்றை டிஸ்சார்ஜ் ஆகும்போது நாம் வீட்டுக்கும் எடுத்துப்போகிறோம்.

இதில் மெடிக்கல் ஷாப்பையும் சொல்லாமல் விட முடியாது. டாக்டர் எழுதவில்லை என்றதும், வீட்டுக்குப் போகும் வழியில் "ஆபரேஷன் பண்ணிக்கீறாரு, புண்ணு ஆற ஏதாவது குடுங்கண்ணா" என்று கேட்டு வாங்கிப்போகிறவர்களை எனக்குத் தெரியும். புண்ணை ஆற வைக்கும் மாத்திரை என்று ஆன்டிபயாட்டிக்கைச் சொல்ல முடியாது. புண்ணை ஆற்றுவது உடம்பு. அதற்கு வேண்டியது ரத்த ஓட்டம், ஆக்சிஜன், புரதம்.

புரதம் என்றதும் பத்தியம் நினைவுக்கு வருகிறது. பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், கத்தரிக்காய் அரிப்பைக் கிளப்பும், மீனும் முட்டையும் கூடவே கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் ஆபரேஷன் ஆனவரை ரசம் சாதத்திலேயே நிறுத்திவிடுவார்கள். பருப்புக்கும் சீழுக்கும் சம்பந்தமில்லை. டாக்டர் வேறு காரணத்துக்காக வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒழிய பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சாப்பிட வேண்டியவை. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு ஒரு மாதம் பட்டினி கிடக்கவும் தேவையில்லை.

ஊசி மட்டும் போதாது

ஒரு ஊசி எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நான் பார்த்தவரை மிகுதியாகக் கெடுப்பது சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால் வெள்ளையணுக்கள் சரியாக வேலை செய்யாது. ஆபரேஷன் நேரத்தில் 200க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் 2017 வழிகாட்டுதல். தேதி குறித்த ஆபரேஷனைச் சர்க்கரை அடங்கட்டும் என்று தள்ளிவைத்தால் டாக்டரோடு சண்டை போடாதீர்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பேரணாம்பட்டுப் பக்கத்து ஐயா ஒருவர், "பீடி சுத்தறதே எங்க வூட்லதாம்மா, எப்படி விடறது?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

முதல் நாள் ராத்திரி வீட்டிலேயே பிளேடால் வயிற்றைச் சுத்தமாக மழித்துக்கொண்டு வருவார்கள், டாக்டருக்கு வேலை மிச்சம் என்று. பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டுவிடும், விடிவதற்குள் கிருமிகள் அந்தக் கீறல்களில் குடியேறிவிடும். முடி இடைஞ்சலாக இருந்தால் ஆஸ்பத்திரியில் கிளிப்பரால் கத்தரிப்பார்கள், இல்லாவிட்டால் அப்படியே விடுவார்கள். சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு வந்தால் போதும்.

குளிர் பற்றியும் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரிக்கு மேல் கொதிக்கும்போது தியேட்டருக்குள் ஏசி நடுக்கும். மயக்கத்தில் உடம்பு தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. 1996இல் வந்த ஓர் ஆய்வில், பெருங்குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 200 பேரில், உடம்புச் சூடு ஏறக்குறைய இரண்டு டிகிரி குறைய விடப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்குப் புண் கெட்டது. கதகதப்பாக வைத்திருந்தவர்களில் 6 சதவீதம். குளிரில் தோலின் ரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும், புண்ணுக்கு ஆக்சிஜன் குறையும். காத்திருக்கும் அறையில் குளிர்ந்தால் கூச்சப்படாமல் கம்பளி கேளுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு

ஆபரேஷனால் வரும் கிருமித்தொற்று பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது தெரிவதில்லை, வீட்டுக்குப் போனபின் வருகிறது. 30 நாள்வரை வரலாம். மூட்டு, பிளேட், வால்வு வைத்திருந்தால் 90 நாள்வரை கவனிக்கச் சொல்கிறார்கள். முதல் இரண்டு நாள் தையலைச் சுற்றி லேசான சிவப்பும் வீக்கமும் எல்லோருக்கும் உண்டு, அது தானாக அடங்கும். அடங்கிய பிறகு மறுபடி சிவந்து பரவுவது, தொட்டால் சுடுவது, குறைந்துவந்த வலி திரும்ப ஏறுவது, சீழோ கெட்ட நாற்றமோ வருவது, குளிரோடு காய்ச்சல், தையல் விட்டுக்கொள்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும். மஞ்சள்பொடி, தேங்காய் எண்ணெய், மாத்திரையை நுணுக்கிய தூள் எதையும் புண்ணில் போடாதீர்கள். கிருமி எது என்று சோதிக்கப் புண்ணிலிருந்து எடுக்கும் மாதிரியும் அதனால் கெட்டுப்போகும். மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை இரண்டு வேளை விழுங்கிவிட்டு வந்தாலும் அந்தச் சோதனை குழம்பிப்போகும்.

வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் தங்கி ஆபரேஷன் செய்துகொள்பவர்கள், தையல் பிரிக்கும்வரை பெரும்பாலும் ஊரிலேயே இருக்கிறார்கள். நம் ஜவ்வாது மலைக்காரர்கள்தான் மூன்றாம் நாளே மலையேறிவிடுகிறார்கள், ஆடு மாடு பார்க்க ஆளில்லை என்று. அவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கும்போது மூன்று விஷயம் கேட்டுக்கொண்டால் நல்லது: ஆன்டிபயாட்டிக் எது, எப்போது போட்டார்கள் என்று சீட்டில் எழுதியிருக்கிறதா, தையல் எந்தத் தேதியில் பிரிக்க வேண்டும், அதற்குள் புண் சிவந்தால் எந்த நம்பருக்குப் போன் பண்ணுவது. மலையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தச் சீட்டைக் காட்டினால், அங்கிருக்கும் டாக்டருக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரிந்துவிடும்.